முட்டுக்கட்டை

நல்ல காரியம் ஒன்றைத் தொடங்கும் வேளையில் எவரேனும் ஐயம் எழுப்பினால், ‘முட்டுக்கட்டை போடாதீர்கள்’ என்று கூறி அவரை ஒதுக்கிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பங்குப் பேரவைக் கூட்டங்களில் இச்சொல்லை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். நாமே பலமுறை சொல்லியும் இருக்கிறோம். ஆனால், 2017ஆம் ஆண்டுத் திருவிழாவுக்குப் பின் இச்சொல்லை வசையாக வழங்க நமக்கு நா எழுவதில்லை. அதற்கான காரணத்தை, நமது பிழையையும் மறைக்காமல், வாசகர்முன் வைப்பது நலம் என்று எண்ணுகிறோம்.

முட்டுக்கட்டை தேரோடும் வீதிக்கு உரிய பொருள். உருண்டுவரும் சக்கரத்தின்முன் சரிவாகச் செதுக்கிய மரக்கட்டையை இட்டுத் தேரை நிறுத்துவர். ஒரு பக்கத்துச் சக்கரத்தை மட்டும் தடுத்துத் தேரைத் திருப்புவர். வடம் பிடிப்போரை ஊரார் அனைவரும் பார்ப்பர். சக்கரத்தோடு சக்கரமாகக் குனிந்து நடக்கும் கட்டைக்காரரை எவரும் பார்ப்பதில்லை.

அப்போது நாம் தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் பங்குப் பணியாற்றி வந்தோம். அவ்வூர் மக்களின் முன்னோர் இலுப்பை மரத்தால் செய்துவைத்த தேர் ஒன்று அங்கு உண்டு. பத்தாம் திருவிழா அன்று மாலையில் பாதுகாவலரின் சுரூபத்தை அதில் ஏற்றி, கோயில் தெரு முழுவதும் சுற்றி வருவது மரபு. மரச்சக்கரங்கள் மரஅச்சிலே சுழல்வதால், திருவிழாவுக்கு முந்திய நாள் மசகு இட்டும் அவை முனகிக்கொண்டேதான் உருளும். முன்பெல்லாம் ஐம்பது அறுபது பேர் வடம் பிடித்தார்களாம். நாம் சென்ற காலத்தில் இளைஞர் பலர் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைப்புத் தேடிச் சென்றுவிட்டனர். 2015ஆம் ஆண்டு, இழுக்க ஆளின்றித் தேர் பாதி வழியில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நின்றுபோயிற்று.

எனவே, பேரவையைக் கூட்டி ஒரு முடிவெடுத்தோம். மரஅச்சை அகற்றி எஃகு அச்சு, அதில் பேரிங் பொருத்திய இரும்புச் சக்கரங்கள், அவற்றின்மேல் ரப்பர்ப் பட்டை. திட்டத்தை முன்மொழிந்தவர்கள் நாமே. அதே ஆண்டில் கோயில் தெருவுக்குச் சிமென்ட் சாலையும் வந்து சேர்ந்தது. காலம் நமக்குக் கைகொடுக்கிறது என்று மகிழ்ந்தோம்.

கூட்டம் முடியும் தறுவாயில் கட்டைக்காரப் பெரியவர் எழுந்தார். அவருக்கு அப்போது எழுபது வயது கடந்திருக்கும். நாற்பது ஆண்டுகளாக அத்தேருக்குக் கட்டை போட்டவர். பேரவையில் அவர் வாய் திறந்தது அதுவே முதல் முறை.

“சாமி, சக்கரத்த மாத்துங்க, வேண்டாங்கல. கூடவே பிரேக்கு ஒண்ணும் வச்சிருங்க. கெபி பக்கம் தெரு சரிவு. எளிசா உருளுற தேரு எளிசா நிக்காது.”

பிரேக் பொருத்தத் தனியே பணம் வேண்டும். அதற்கு மீண்டும் வரி பிரிக்க வேண்டும். நமக்குச் சற்றுச் சலிப்பாக இருந்தது. “பெரியவரே, மூன்று டன் தேர் தானாக ஓடிவிடுமா? அதன் கனமே அதைப் பிடித்து நிறுத்திவிடும். நல்ல காரியத்துக்கு நீங்களும் முட்டுக்கட்டை போடாதீர்கள்” என்றோம். தொழிலையும் சொல்லையும் இணைத்த நமது சிலேடையைக் கேட்டு அவை சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு அமர்ந்தார்.

‘கனமே பிடித்து நிறுத்திவிடும்’ என்று நாம் சொன்னது முழுப் பொய்யன்று என்பதே இதில் உள்ள வேதனை. அது பாதி உண்மை.

கோயிலில் பூசை உடைகள் வைக்கும் தேக்கு அலமாரியை நகர்த்த முயன்றவர் எவரும் அப்பாதியை அறிவர். வெறும் அலமாரி நூறு கிலோ எடையுள்ளது என்று கொள்வோம். தரையில் அதை நகர்த்த நாற்பது கிலோ எடைக்கு நிகரான விசை தேவைப்பட்டால், புத்தகங்களை அடுக்கி இருநூறு கிலோவாக்கியபின் எண்பது கிலோவுக்கு நிகரான விசை தேவைப்படும். பொருள் தரையை எவ்வளவு அழுத்துகிறதோ, தரையும் அதை அவ்வளவு பற்றிக்கொள்கிறது. சமதளத்தில் அந்த அழுத்தம் பொருளின் எடையே. எடையோ அதன் நிறையைப் பொறுத்தது. ஆதலால் நிறை இரட்டித்தால் உராய்வும் இரட்டிக்கிறது. செங்கல்லைப் படுக்கவைத்து இழுத்தாலும் பக்கவாட்டில் நிறுத்தி இழுத்தாலும் ஏறத்தாழ ஒரே விசைதான் வேண்டும். தரையைத் தொடும் பரப்பு இங்கே கணக்கில் வருவதில்லை. லியொனார்தோ தா வின்சி 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதைக் கண்டறிந்து தம் குறிப்பேடுகளில் எழுதிவைத்தார். ஆயினும் அவை அச்சேறாமையால் உலகம் அறியவில்லை. 1699இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின்முன் அமோந்தோன் என்பவர் அதே விதிகளைத் தாமாகக் கண்டு எடுத்துரைத்தார்.

பரப்பு ஏன் கணக்கில் வருவதில்லை என்னும் வினாவுக்கு நிறைவான விடை 20ஆம் நூற்றாண்டில்தான் கிடைத்தது. எவ்வளவு வழவழப்பான பரப்பும் நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாகவே தோன்றும். இரு பொருள்கள் ஒன்றின்மேல் ஒன்று அமரும்போது, மேடுகளின் முனைகள் மட்டுமே உண்மையில் தொடுகின்றன. எடை கூடும்போது அம்முனைகள் மேலும் நசுங்கி, உண்மையாகத் தொடும் இடம் பெருகுகிறது; பற்றும் பெருகுகிறது. பௌடன், டேபர் ஆகிய இரு அறிஞர்கள் கேம்பிரிட்ஜில் இதை விரிவாக ஆராய்ந்து நிலைநாட்டினர்.

நிற்கும் பொருளைக் கிளப்புவதற்கு வேண்டிய விசை, கிளம்பிய பொருளைத் தொடர்ந்து நகர்த்துவதற்கு வேண்டிய விசையைவிடப் பெரும்பாலும் மிகுதி. முன்னது ஓய்வுநிலை உராய்வு. பின்னது இயக்க உராய்வு. குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில் அரிஸ்டாட்டிலின் ‘இயற்பியல்’ நூலில் கப்பல் இழுப்போர் உவமையை நாம் படித்ததுண்டு. பலர் சேர்ந்து இழுத்து நகர்த்தும் கப்பலை, அவர்களுள் ஒருவர் மட்டும் தனித்து இழுத்தால் அது இம்மியும் நகராதிருக்கலாம் என்கிறார் அவர். தேர்வுக்காக மனப்பாடம் செய்த அவ்வரியின் பொருளைத் தேர் நின்றுபோன 2015இல்தான் நாம் உணர்ந்தோம். பிரான்சின் படைப்பொறியாளரான கூலோம் 1779இல் ரோஷ்ஃபோர் துறைமுகக் கப்பல் தளத்தில் மரப்பலகைகளைக் கொண்டு சோதனைகள் நடத்தினார். மரம் மரத்தின்மேல் கூடுதல் நேரம் கிடந்தால், அதைக் கிளப்பக் கூடுதல் விசை தேவைப்படுவதைக் கண்டார். ஆண்டு முழுவதும் கொட்டகையில் நின்ற தேரைக் கிளப்ப நெம்புகோல் இட்டு உந்தும் நம் மக்கள், கூலோமைப் படித்தவர்கள் அல்லர்; ஆயினும் நிற்பதைக் கிளப்புவதன் கடினத்தை அறிந்தவர்கள்.

உராய்வைக் குறைக்கும் முயற்சியும் மிகப் பழையது. எகிப்தில் டெயர் எல்-பெர்ஷா என்னும் இடத்தில் ஜெஹூத்திஹோத்தெப் என்ற ஆளுநரின் கல்லறைச் சுவரில் ஓர் ஓவியம் உண்டு. சுமார் 3,900 ஆண்டுகளுக்கு முந்தியது. சறுக்குப் பலகையில் ஏற்றிய பெருஞ்சிலையை 172 பேர் கயிறு கட்டி இழுக்கின்றனர். சிலையின் காலடியில் நிற்கும் ஒருவர் பலகைக்கு முன்னே நீர் ஊற்றுகிறார். அது வெறும் சடங்கு என்று பலர் எண்ணியிருந்தனர். மணலைச் சரியான அளவில் நனைத்தால் இழுக்கும் விசை பாதியாகக் குறைகிறது என்பதை ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் செய்துகாட்டினர். நீருக்குப் பின் மசகு, மசகுக்குப் பின் பேரிங். நாம் செய்ததும் அந்த நெடிய வரிசையில் ஒன்றே. அதில் பிழையில்லை. பிழை வேறிடத்தில் இருந்தது.

2017இல் புதுச்சக்கரத் தேர் முதன்முறையாகப் புறப்பட்டது. எட்டுப் பேர் வடம் பிடித்தனர். தேர் பூப்போல வந்தது. நாற்பது பேர் மூச்சிரைத்த இடத்தில் எட்டுப் பேர் பாடிக்கொண்டே நடந்தனர். நமக்குப் பெருமிதம் பொங்கிற்று. கெபிக்கு எதிரே தேரை நிறுத்திச் செபம் சொன்னோம். அங்கிருந்து தெரு குளத்தை நோக்கிச் சரிகிறது. நூறடித் தூரத்தில் மூன்றேகால் அடி இறக்கம். நடப்பவர் காலுக்கு அது சரிவென்றே தெரியாது. வடம் பிடிப்போருக்கு முன்னே வெள்ளை உடை உடுத்திய சிறுமியர் மெழுகுவர்த்தி ஏந்தி இரு வரிசையாகச் சென்றுகொண்டிருந்தனர்.

தேர் மீண்டும் கிளம்பிய சிறிது நேரத்தில் பெரியவரின் குரல் கேட்டது: “கயிறு தொய்யுது! ஆள விலக்கு! பிள்ளைகள விலக்கு!”

வடம் தளர்ந்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தேரை எவரும் இழுக்கவில்லை. அது தானே வந்துகொண்டிருந்தது. இதை அங்கிருந்த நூற்றுக்கணக்கானோருள் கண்டவர் அவர் ஒருவரே. வடம் பிடித்தோர் இருபுறமும் சிதறினர். பின்னால் தொற்றிப் பிடித்த நால்வரைத் தேர் தன்னோடு இழுத்துக்கொண்டு சென்றது. பெரியவர் வலச்சக்கரத்தின்முன் ஒரு கட்டையை எறிந்தார். வழவழப்பான சிமென்ட்டில் அது கிறீச்சிட்டுச் சறுக்கிக்கொண்டே போயிற்று. இரண்டாம் கட்டையை எறியாமல், ஓடியவாறே குனிந்து, இடச்சக்கரத்தின் அடியில் கையால் செருகி அழுத்தினார். சக்கரம் கட்டையின்மேல் ஏறியது. தேர் ஒருமுறை குலுங்கிச் சாய்ந்து நின்றது. சிறுமியருக்கும் தேருக்கும் இடையே பத்தடி கூட இல்லை. பெரியவரின் இடக்கை கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருந்தது.

அவர் இரு விரல்களை இழந்தார்.

மறுநாள் மருத்துவமனையில் அவர் கட்டிலருகே அமர்ந்தோம். மன்னிப்புக் கேட்கச் சொற்களைத் தேடிக்கொண்டிருந்த நம்மை அவரே முந்திக்கொண்டார். “சாமி, மாத்தினது சக்கரத்தத்தான். கனம் அப்படியேதான் இருக்கு” என்றார். குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. கட்டைத் தொழில் பழக வந்த சிறுவனுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியத்தின் பொருளை விளங்கிக்கொள்ள, பங்குப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியையை நாடினோம். அவர் ஒரு தாளில் தோராயமாகக் கணக்கிட்டுக் காட்டினார். தேரின் நிறை 3,000 கிலோ. பழைய மரஅச்சில் அதை உருட்ட எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 300 கிலோ எடைக்கு நிகரான விசை வேண்டும் என்று கொள்வோம். பேரிங் பொருத்தியபின் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 60 கிலோ போதும். தெருவின் சரிவு முப்பதுக்கு ஒன்று. ஆதலால் சரிவு தேரைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை 100 கிலோவுக்கு நிகர். பழைய தேரை உராய்வு 300 என்ற அளவுவரை பிடித்துக்கொண்டிருந்தது; சரிவின் 100 அதனிடம் தோற்றது. புதிய தேரில் 60ஐ 100 வென்றுவிட்டது. இத்தனை ஆண்டுகளாகத் தேரைக் கெபியருகே நிறுத்தியது கனம் அன்று. நாம் சபித்துக்கொண்டிருந்த அந்த முனகலே.

“தேர் இன்னும் கனமாக இருந்திருந்தால் நின்றிருக்குமோ?” என்று கேட்டோம். நமது பழைய எண்ணம் எளிதில் விடவில்லை. ஆசிரியை 3,000 என்பதை 6,000 ஆக்கிக் காட்டினார். சரிவின் இழுப்பு 200 ஆயிற்று; உராய்வு 120 ஆயிற்று. பின்னர் 1,000 ஆக்கினார். அப்போதும் சரிவே வென்றது. நிறை இரு தட்டிலும் ஒரே அளவில் ஏறுகிறது. ஆகவே, ஓடுமா நிற்குமா என்பதை அது முடிவு செய்வதில்லை. கனமான தேரும் இலேசான தேரும் அச்சரிவில் ஒன்றுபோலவே ஓடும்.

அப்படியானால் கனத்துக்கு வேலையே இல்லையா? உண்டு, தேரை நிறுத்தும்போது உண்டு. நூறடி உருண்ட தேர் மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகத்தை எட்டும். ஒரு மனிதர் மெதுவாக ஓடும் வேகமே அது. அவ்வேகத்தில் வரும் மூன்று டன்னை ஒரு மீட்டருக்குள் நிறுத்த 1,200 கிலோ எடைக்கும் மேற்பட்ட விசை வேண்டும். ஏறத்தாழ ஐம்பது பேரின் முழுவலிமை அது. ஒரு டன் தேராயின் அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். நிறை இருமுறை கணக்கு கேட்கிறது: உராய்வாக ஒருமுறை, நிலைமமாக மறுமுறை. உராய்வை மசகாலும் பேரிங்காலும் குறைக்கலாம். நிலைமத்தைக் குறைக்க எந்த மசகும் இல்லை. நாம் முதல் கணக்கைத் தீர்த்துவிட்டு, கடன் முழுவதும் தீர்ந்தது என்று எண்ணினோம். இரண்டாம் கணக்கை ஒரு முதியவர் தம் விரல்களால் தீர்த்தார்.

அவருடைய கட்டை எவ்வாறு நிறுத்தியது என்பதும் எண்ணத்தக்கது. மனித வலிமையால் அது நிறுத்தவில்லை. சக்கரம் கட்டையின்மேல் ஏறும்போது தேரின் எடையே கட்டையைத் தரையோடு அழுத்துகிறது. அழுத்தம் கூடக் கூட, கட்டைக்கும் தரைக்கும் இடையே உள்ள பற்றும் கூடுகிறது. தேர் தன் கனத்தாலேயே தன்னைப் பிடித்துக்கொள்கிறது. ‘கனமே நிறுத்திவிடும்’ என்று நாம் சொன்ன பாதி உண்மை, அந்தக் கட்டை இருந்தால்தான் முழுமை பெறுகிறது. எறிந்த முதற்கட்டை சறுக்கியது, சக்கரம் அதன்மேல் ஏறி அழுத்துமுன் அதைத் தள்ளிச் சென்றமையால்தான். அதை அறிந்தே இரண்டாவதைக் கையால் செருகினார்.

கனத்தைப் பற்றுக்காகவே கூட்டுவதும் உண்டு. இந்திய இரயில்வேயின் வேக்-9 என்னும் சரக்கு மின்னெஞ்சின் 123 டன் எடையுள்ளது. இன்னும் கனமான சுமையை இழுப்பதற்காக அதன் எடையை வேண்டுமென்றே 132 டன்னாகக் கூட்டி மற்றொரு வகையை உருவாக்கினர். சக்கரம் தண்டவாளத்தை அழுத்தமாகப் பற்றினால்தானே இழுக்க இயலும்? திருவாரூரின் ஆழித்தேர் 96 அடி உயரமும் சுமார் 300 டன் எடையும் உடையது என்பர். அதற்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்பு அச்சுகளைப் பொருத்தியபோது, ஹைட்ராலிக் பிரேக்கையும் சேர்த்தே பொருத்தினர். அங்கே இன்றும் முட்டுக்கட்டை போடுவோர் சக்கரத்தோடு நடக்கின்றனர். எளிதாக உருட்டுவதும் உறுதியாக நிறுத்துவதும் ஒரே வேலையின் இரு பாதிகள் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நமது பங்கிலும் அதை அறிந்த ஒருவர் இருந்தார். எழுந்து நின்று சொல்லவும் செய்தார்.

அடுத்த ஆண்டு தேருக்குப் பிரேக் வந்தது. பின்புறமும் ஒரு வடம் கட்டினோம். சரிவில் இழுப்பதற்கன்று, பிடித்து நிறுத்துவதற்கு. திருவிழாவுக்கு ஒரு வாரத்துக்கு முன், தேரில் மணல் மூட்டைகளை ஏற்றி, தெருவில் ஆளை விலக்கி, கெபிச் சரிவில் ஒத்திகை பார்த்தோம். கட்டைகளின் அடியில் பழைய டயர் ரப்பரை வெட்டி அறைந்தவர் பெரியவரே. சிமென்ட்டை மரத்தைவிட ரப்பர் நன்கு பற்றும் என்பதை எவரும் அவருக்குக் கற்பிக்கவில்லை. கட்டைக்கு நீண்ட கைப்பிடியும் பொருத்தினார். “இனிமே எவனும் கையக் குடுக்க வேண்டாம்” என்றார். அவ்வாண்டு கட்டையைப் பேரனிடம் கொடுத்துவிட்டு, அவன் பின்னால் நடந்துவந்தார்.

நமக்குச் சில ஆண்டுகளுக்குப் பின் மாற்றல் வந்தது. இப்போதிருக்கும் பங்கிலும் பேரவை கூடுகிறது, திட்டங்கள் வருகின்றன, அவற்றை விரைந்து நிறைவேற்றும் ஆர்வமும் குறைவின்றி வருகிறது. எதிர்ப்பு குறைந்தால் வேலை எளிதாகும் என்பது உண்மையே. ஆனால் எதிர்ப்பு குறைந்த அளவுக்கு வேலையின் கனம் குறைந்துவிடுவதில்லை. ஆகவே, எல்லோரும் ஒருமனதாகக் கைதூக்கிய பின்னும் தீர்மானத்தை உடனே எழுதவிடாமல், “முட்டுக்கட்டை போட எவரேனும் இருக்கிறீர்களா?” என்று நாம் கேட்பது வழக்கம். புதிதாக வந்தவர்கள் அதை வேடிக்கை என்று எண்ணிச் சிரிப்பார்கள். நாம் காத்திருப்போம். பெரும்பாலும் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் தயங்கித் தயங்கி எழுவார்.